கதவைச் சாத்திப் பூசிய அறை

போன சித்திரையில் வேப்பூர்ப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. புது வீட்டு வேலையில் ஒரு கொத்தனார் மயங்கி விழுந்துவிட்டாராம். சாரத்திலிருந்து விழுந்திருந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இவர் தரையில் குந்திச் சுவரின் அடிப்பாகத்தைப் பூசிக்கொண்டிருந்தவர், உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்திருக்கிறார். முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து, எழுப்பி உட்கார வைத்த பிறகு எனக்குப் போன் போட்டிருக்கிறார்கள்.

"கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்துச்சுங்க மேஸ்திரி. உள்ள காத்தே இல்ல. அதான் மயக்கம்" என்றார் அங்கே வேலை எடுத்திருந்தவர்.

"இந்த வெயில்ல என்னாத்துக்குய்யா சாத்துனீங்க?"

"ஸ்கர்டிங் இல்லாத ரூமுங்களே. சாத்திக்கிட்டுத்தான பூசணும்? நீங்க கொண்டாந்த மொறதான அது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மயங்கி விழுந்தவர் அந்தப் பக்கம் போனுக்கு அருகிலேயே இருந்ததால் இருமுவது போலச் சமாளித்தேன். முறை என்று ஒன்று இருந்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல் உயிரைக் கொடுத்துச் செய்வதில் எங்கள் தொழிலை மிஞ்ச ஆள் கிடையாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தாராளமாகப் பூசலாம், ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. வயசாகி வேலையை விட்டதும் மேஸ்திரிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பார். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கலியபெருமாள். விருத்தாசலத்தில் பூச்சு வேலை மேஸ்திரியாக இருந்து, முட்டி இரண்டும் மக்கர் பண்ணிய பிறகு ஓய்வு பெற்றவன். எங்களுக்கு யாரும் மாலை போட்டு ஓய்வு கொடுப்பதில்லை. ஒரு நாள் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, அன்றைக்கே ஓய்வு.

தொழிலுக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பு ஏறவில்லை. மண் சுமந்தேன், கலவை போட்டேன், செங்கல் எடுத்துக் கொடுத்தேன், பிறகு ஒரு நாள் கையில் பூசுகிற கரணை வந்தது. அது வந்தது தனகோடி மேஸ்திரியிடம் என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம்.

தனகோடி மேஸ்திரி யாரையும் திட்ட மாட்டார். கொத்தனாரைத் திட்டினால் மறுநாள் வேலைக்கு வர மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அதனால் சுவரைத் திட்டுவார். நாம் பூசி முடித்ததும் வருவார், வேட்டியை மடித்துக் கட்டுவார், கன்னத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் நீளத்துக்குப் பார்ப்பார். பிறகு சுவரோடு பேச ஆரம்பிப்பார்.

"ஏன்டா, இந்த எடத்துல தொப்ப போட்டிருக்க? நேத்து எந்தக் கல்யாணத்துல போயித் தின்ன? இங்க ஏன்டா ஒடுங்கிப் போயிருக்க, ஒடம்பு சொகமில்லியா? ஒங்கப்பன் ஒழுங்கா இருந்தா நீ ஒழுங்கா இருப்ப."

அந்த அப்பன் யார் என்பது பக்கத்தில் கரணையோடு நிற்கிறவனுக்குத் தெரியும். சித்தாள் பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். நேராக நம்மைப் பார்த்து நாலு கெட்ட வார்த்தை சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம். சுவர் நமக்காகத் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய அவமானம். அவரிடம் வேலை செய்த யாரும் சுவரில் தொப்பை விட்டதில்லை.

அவர் வைத்திருந்த முறையும் கறாரானது. கலவையை எடுத்தவுடன் அப்ப விட மாட்டார். முதலில் சுவரில் அங்கங்கே கலவையால் உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டு, நூல் பிடித்து, எல்லாப் பொட்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் நடுவில் உள்ள இடத்தை நிரப்பி, மட்டப்பலகையை வைத்து இழுக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்துக் கீழே வர வர, கையும் முதுகும் ஓய்ந்துவிடும். தரைக்குப் பக்கத்தில் வரும்போது மேஸ்திரியே கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"அத வுடுப்பா. அது ஸ்கர்டிங்குல போயிடும்" என்பார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுவரும் தரையும் சேரும் இடத்தில், சுவரின் காலடியில் நாலு அங்குல உயரத்துக்கு டைல்ஸ் பட்டை ஒட்டுகிறோமே, அதுதான் ஸ்கர்டிங். வீடு கழுவும்போது தண்ணீர் பட்டுச் சுவர் ஊறாமல் இருக்க என்று வீட்டுக்காரரிடம் சொல்வோம். அதுவும் உண்மைதான். முழு உண்மை, அது சுவரின் வேட்டி. உள்ளே இருக்கும் கோணல்மாணல் எல்லாவற்றையும் மறைத்து எங்கள் மானத்தைக் காப்பாற்றுவது. வாசல் நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே விழும் இடுக்கை மறைக்க ஆசாரி அடிக்கிற மரச் சட்டமும் அப்படித்தான். அதை பீடிங் என்பார்கள். கொத்தனார் செய்த தப்பை ஆசாரி மறைப்பார், ஆசாரி செய்த தப்பைக் கொத்தனார் சிமெண்ட் வைத்து அடைப்பார், இரண்டு பேரும் சேர்ந்து பெயின்டர்மேல் பழி போடுவோம். இப்படித்தான் நாட்டில் வீடுகள் எழும்புகின்றன.

அதிலும் எங்கள் ஊர் பீங்கான் ஊர். ஜாடி, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று எதையாவது சுட்டுக்கொண்டே இருப்பார்கள். சூளையில் உடைந்தது எல்லாம் வீடுகளின் தரைக்கு அடியில் போகும். எந்த வீட்டைத் தோண்டினாலும் பொம்மைத் தலை கிடைக்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு வெறும் சுவரைக் கண்டால் எதையாவது ஒட்ட வேண்டும் என்று கை அரிக்கும். சமாதிக்கும் ஒட்டுவான், மாட்டுக் கொட்டகைக்கும் ஒட்டுவான். ஸ்கர்டிங் வேண்டாம் என்று சொல்கிற ஒருத்தரை நான் மேஸ்திரியாகி வெகுகாலம் வரைக்கும் சந்தித்ததே இல்லை.

அப்படிச் சொன்ன முதல் ஆள் மங்கலம்பேட்டை ஜாபர் பாய்.

ஜாபர் பாய் கல்ஃபில் இருந்தார். அங்கே ஒரு பெரிய கம்பெனியில் ஆபீஸ் மேனேஜர் என்று மங்கலம்பேட்டை முழுக்கத் தெரியும். தெரியும்படி பார்த்துக்கொண்டவர் அவருடைய மாமனார். ஜவுளிக்கடை வைத்திருந்தவர், எல்லோரும் பெரிய பாய் என்று கூப்பிடுவார்கள். மருமகனின் ஆபீஸில் ஏசி எத்தனை, நாற்காலி எப்படிச் சுற்றும் என்பது வரைக்கும் அவருக்கு அத்துபடி. ஜாபர் பாய் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். முன்பக்கம் வந்தவர்களை உட்கார வைக்கும் அறை மட்டும் மிச்சம். அவர் மகள் ஷாகிராவைப் பண்ருட்டியில் ஒரு நல்ல இடத்தில் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்காகவே லீவு போட்டுவிட்டு ஜாபர் பாய் வந்திருந்தார்.

வந்தவர் சென்னையில் இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் மெல்லிய தகரத்தில் நீள நீளமாகக் கோணப் பட்டைகள் வாங்கி, காரின் தலைமேல் கட்டி எடுத்து வந்தார். சொந்தக்காரர்கள் சென்ட் பாட்டிலும் சோப்பும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரிலிருந்து தகரம் இறங்கியதைப் பார்த்து முகம் சுருங்கிவிட்டது. பெரிய பாய் மட்டும் அசராமல், "ஃபாரின் கர்ட்டன் ராடு" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

"மேஸ்திரி, இந்த ரூமுக்கு ஸ்கர்டிங் வேணாங்க. பீடிங்கும் வேணாம். செவுரு நேரா எறங்கித் தரையத் தொடணும். வாசல்ல பூச்சு திரும்பி உள்ள போயி நிக்கணும். எந்தப் பட்டையும் எங்கயும் தெரியக் கூடாது" என்றார் ஜாபர் பாய்.

"தண்ணி ஊத்திக் கழுவுனா ஊறுமே பாய்?"

"மொதல்ல தரையில டைல்ஸு போட்டுடுங்க. கடேசிப் பூச்ச அதுக்கு மேல எறக்குங்க. அடியில ஒரு நூலு எடம் வுட்டுடுங்க, ஈரம் ஏறாது."

ஒரு ஆபீஸ் மேனேஜருக்கு இது எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஏசி ரூமில் உட்கார்ந்து செல்போனில் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பெரிய பாய்க்கு இது ஒரு துளியும் பிடிக்கவில்லை. "வேட்டி கட்டாம நிக்கற மாதிரி இருக்குது. சம்மந்தக்காரங்க வந்து பாத்தா என்னா நெனைப்பாங்க, பட்டை ஒட்டக் காசில்லன்னுதான?" என்றார். ஒரு நாள் நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், வேறு ஒரு ஆளைக் கூட்டி வந்து பூப்போட்ட ஸ்கர்டிங் டைல்ஸை ஒரு பக்கச் சுவரில் ஒட்டியே விட்டார். கலவை காய்வதற்குள் நான் வந்து எல்லாவற்றையும் பெயர்த்தேன். அதிலிருந்து அவர் என்னோடு நேராகப் பேசுவதில்லை. தனகோடி மேஸ்திரி போலச் சுவரைப் பார்த்துப் பேசுவார்.

சுவர் ஒருவழியாக நேராக வந்துவிட்டது. நாலு அங்குலத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டே பழகியவனுக்கு அந்த நாலு அங்குலத்தைப் பூச என்ன கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தரையில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு பூசினேன். மாட்டிக்கொண்டது வாசலில்தான். சுவர்ப் பூச்சு திரும்பி வாசலுக்குள் போகும் அந்த முனை கத்தி போல நேராக நிற்க வேண்டும். மறைக்கச் சட்டம் கிடையாது. நான் பூசினால் ஒரு இடம் தடித்தது, ஒரு இடம் மெலிந்தது. பெயர்த்துவிட்டு மறுபடி பூசினேன். இந்தத் தடவை மரத்தோடு ஒட்டிய இடத்தில் தலைமுடி போல விரிசல் விட்டது. ஜாபர் பாய் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை நான் மணியாசுக் கட்டையை வைத்துத் தேய்க்க ஆரம்பித்ததும் அவரால் தாங்க முடியவில்லை.

"அப்பிடி இல்ல மேஸ்திரி" என்று என் கையிலிருந்து கரணையைப் பிடுங்கினார்.

பிடுங்கிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புதிதாகக் கரணை பிடிக்கிறவன் கைப்பிடியை இறுக்குவான். இவர் கட்டைவிரலைக் கரணையின் கழுத்தில் சாய்த்து வைத்தார். கலவையை எடுத்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி, ஒட்டியிருந்த மிச்சத்தை உதறினார். தகரப் பட்டையை முனையில் பதித்து, மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே இழுப்பு. நான் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்த முனை நிமிர்ந்து நின்றது. அந்த நேரம் பார்த்து வெளியே பெரிய பாயின் செருப்புச் சத்தம் கேட்டது. ஜாபர் பாய் எரிகிற பீடியை மறைக்கிற பையன் மாதிரி கரணையை என் கையில் திணித்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

பெரிய பாய் சுவரிடம் இரண்டு வார்த்தை குறை சொல்லிவிட்டுப் போன பிறகு கேட்டேன்.

"பாய், நீங்க மேனேஜரு இல்ல."

"இல்லீங்க."

"கொத்தனாரு."

"பூச்சு வேலைதான். அங்க போன நாள்லேருந்து அதான். பெரிய பெரிய ஓட்டலு, பங்களா. இந்த மாதிரி ரூமு எவ்ளோ பூசியிருக்கேன்னு எனக்கே தெரியாது. பூசி முடிச்சா அடுத்த நாளு அந்தப் பக்கம் வுட மாட்டாங்க. கல்யாணம் பேசுறப்பவே மேனேஜருன்னு சொல்லிட்டாங்க, மேஸ்திரி. எங்க மாமனாரும் நம்பி அதயே ஊரு முழுக்கச் சொன்னாரு. நானும் ஆமான்னுட்டேன். பொண்டாட்டி, பொண்ணு, மாமனாரு, யாருக்கும் தெரியாது. சொந்த வூட்ல ஒரு ரூமு அப்பிடி வேணும்னு தோணுச்சு. இப்ப சம்மந்தம் பேசிட்டு இருக்குது. வெளிய தெரிஞ்சா எம்பொண்ணு வாழ்க்கை போயிடும்."

இவ்வளவு கைத்திறமை உள்ள மனிதர், திருடினவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். எனக்கு அவர்மேல் வருத்தமும் பெரிய பாய்மேல் கோபமும் ஒன்றாக வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பொய் நன்றாக வரும். அப்படி வந்ததுதான் அந்த முறை.

மறுநாள் காலையில் பெரிய பாயைக் கூப்பிட்டு வைத்து, முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு சொன்னேன். "ஸ்கர்டிங் இல்லாத ரூமுக்கு ஒரு மொற இருக்குதுங்க. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டுத்தான் பூசணும். காத்து பட்டா வெடிச்சுடும். வெளி ஆளுங்க மூச்சு படக் கூடாது. எட்டிப் பாத்தாலும் போச்சு, நான் பொறுப்பில்ல."

அவர் சுவரைப் பார்த்து, "இதெல்லாம் தேவையா?" என்று கேட்டார். ஆனால் நம்பிவிட்டார். ஜன்னலுக்குச் சிமெண்ட் சாக்கைக் கட்டினேன். பாத்ரூம் சாமான் வாங்க விருத்தாசலம் போகிறேன் என்று ஜாபர் பாய் முன்வாசல் வழியாகக் கிளம்புவார். தெருவைச் சுற்றிப் பின்சந்து வழியாக வந்து அறைக்குள் நுழைவார். என் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு, பனியனோடு வேலையில் உட்கார்ந்தால் ஆள் வேறு. பாட்டு முணுமுணுப்பார். மரத்துக்கும் பூச்சுக்கும் நடுவே காடி என்று மெல்லிய பள்ளக் கோடு விட வேண்டும், மரம் சுருங்கினாலும் விரிந்தாலும் பூச்சை இழுக்காது என்று காட்டினார். நான் கலவை குழைத்துக் கொடுத்தேன். மேஸ்திரி பதவியிலிருந்து சித்தாள் பதவிக்கு அத்தனை சந்தோஷமாக இறங்கியவன் நானாகத்தான் இருப்பேன். அவர் மனைவி மும்தாஜ் அம்மா சாத்திய கதவுக்கு வெளியே டீ வைத்துவிட்டுப் போவார். தினமும் இரண்டு டம்ளர் இருக்கும். வேர்வையில் வேலை செய்கிறவனுக்கு இரண்டு தேவைப்படும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது, நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சொன்ன பொய் பக்கத்து வேலைக்குப் பரவி, பஸ் ஏறி வேப்பூர் வரைக்கும் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மயங்கி விழுந்த கொத்தனாருக்கு ஒரு சோடா நான் கடன்.

அறை முடிந்தது. வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தபோது சுவரில் ஒரு நிழல் இல்லை, ஒரு மேடு இல்லை. சுவர் அப்படியே இறங்கித் தரையில் நின்றது. ஜாபர் பாய் நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். தனகோடி மேஸ்திரி இருந்திருந்தால் அந்தச் சுவரிடம் பேச ஒரு வார்த்தை கிடைத்திருக்காது.

மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் வந்தது. உடனே வரச் சொன்னார் ஜாபர் பாய். குரலே சரியில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். நடந்தது இதுதான்: கடைசி நேரத்தில் பெரிய பாய்க்குத் திருப்தி வராமல், தன் வீட்டுத் தேக்கு சோபாவை நாலு ஆளை விட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் திரும்பும்போது சோபாவின் கால் இடித்து, முனையில் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. நடு வாசலில், இடுப்பு உயரத்தில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில்.

"பட்டை அடிச்சிருந்தா இது வந்திருக்குமா? ஒரு காலண்டர மாட்டி வுடு" என்றார் பெரிய பாய், இம்முறை என்னைப் பார்த்தே.

வாசல் முனையில் காலண்டர் எப்படி மாட்டுவது என்று அவருக்கும் தெரியாது. நான் பூசினால் ஒட்டுப் போட்டது தெரியும் என்று ஜாபர் பாயிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் புது வான நீலச் சட்டை போட்டு, கடிகாரம் கட்டி, சென்ட் அடித்து, பார்த்தால் பத்து மேனேஜருக்குச் சமமாக இருந்தார். பெயர்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வேறு யாரையும் பார்க்காமல் என் பையிலிருந்து கரணையை எடுத்தார். சீக்கிரம் இறுகும் வெள்ளைப் பவுடரைக் குழைக்கச் சொன்னார். அது குழைத்துவிட்டால் நமக்காகக் காத்திருக்காது, கையில் இருக்கும்போதே கல்லாகிவிடும். அறை வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பெரிய பாய்க்கு வாய் திறந்தது, மூடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் எங்கேயும் தாமதமாகத்தான் வருவார்கள். அன்றைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். தெருவில் கார் நின்ற சத்தம் கேட்டது.

"பாய், எந்திரிங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"பாதியில வுட்டா எறுகிடும் மேஸ்திரி" என்றார். கை நிற்கவில்லை.

பெரிய பாய் தெருவாசலுக்கு ஓடினார். சலாம் சொல்லி, மாப்பிள்ளையின் அப்பா அம்மாவை உள்ளே அழைத்து வந்தார். மண்டியிட்டிருந்த முதுகைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பா தயங்கி நின்றார்.

"வேலையாளுங்க. கொஞ்சம் பாக்கி இருந்துச்சு, முடிஞ்சிடும். மருமவன் பள்ளிவாசலுக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்றார் பெரிய பாய்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஜாபர் பாயின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி பூசியது. அவர் திரும்பவில்லை. மகள் வாழ்க்கை என்றால் தன் வீட்டிலேயே வேலையாளாக மண்டியிட்டு இருக்கவும் அந்த மனிதர் தயாராக இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா உட்காராமல் சுவரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். அடியில் பட்டை இல்லாததைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "தண்ணி ஊத்திக் கழுவுனா ஊறாதா?" என்று கேட்டார்.

"ஊறாதும்மா, ஃபாரின் செவுரு! கொடம் கொடமா ஊத்தலாம்" என்றார் பெரிய பாய்.

அந்த அம்மா நம்பாமல், வேலை செய்கிறவர் பக்கம் குனிந்து அதையே கேட்டார்.

"ஊத்திக் கழுவக் கூடாதுங்க. துணிய நனைச்சுப் புழிஞ்சு தொடைக்கணும். பட்டை வச்ச செவுரு மாதிரி வராது. பாத்து வச்சுக்கணும்" என்றார் ஜாபர் பாய், சுவரைப் பார்த்தபடியே.

"இடிச்சா ஒடையுமா?"

"ஒடையுங்க. இப்ப ஒடைஞ்சதத்தான் பூசறேன்."

அப்போது ஷாகிரா கையில் தட்டோடு உள்ளிருந்து வந்தாள். அடுப்படியில் இருந்தவளுக்கு முன்னால் நடந்த பேச்சு எதுவும் தெரியாது. வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, மெதுவாக, பழக்கத்தில் சொன்னாள்.

"அத்தா, கொஞ்சம் தள்ளிக்கங்க."

மாப்பிள்ளையின் அப்பா பெரிய பாயைத் திரும்பிப் பார்த்தார். பெரிய பாய் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தார். ஜாபர் பாய் அவசரப்படவில்லை. கடைசி இழுப்பை மேலிருந்து கீழ்வரைக்கும் முடித்தார். எழுந்து திரும்பினார். இரண்டு கையிலும் கலவை.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான்தான் பொண்ணோட அத்தா. மேனேஜரு இல்லீங்க. அங்கயும் இதான் என் வேலை."

மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார். எழுந்துபோய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாதான் பேசினார், தன் கணவரைப் பார்த்து.

"உக்காருங்க. இந்த வூட்ல நான் கேட்டதுக்கு ஒழுங்கா பதிலு சொன்னவரு இவரு ஒருத்தருதான்."

தட்டிலிருந்து ஒரு டீயை எடுத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைத் தட்டி ஷாகிராவை உட்காரச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா சோபாவில் உட்கார்ந்தார். கிளம்பும்போது நிக்காஹுக்கு நாள் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லலாம் என்றால் அந்த அறையில் மருந்துக்கும் தூசி இல்லை.

கார் போன பிறகு நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜாபர் பாய் நடு அறையில் அப்படியே நின்றார். மனைவி உள்ளேயிருந்து வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் பழைய பயம் மறுபடி வந்தது. இத்தனை வருஷப் பொய்க்கு இவளிடம் என்ன சொல்வது என்கிற பயம். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மும்தாஜ் அம்மா அதற்கு நேரம் கொடுக்கவில்லை. அவருடைய புதுச் சட்டைக் கையில் ஒட்டியிருந்த கலவையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கழட்டிக் குடுங்க. காஞ்சா போவாது" என்றார்.

ஜாபர் பாய் பொத்தானில் கை வைத்தார். பிறகு அப்படியே நின்று, "ஒனக்கு எப்பிடித் தெரியும், காஞ்சா போவாதுன்னு?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு லீவுக்கும் ஒங்க பெட்டியப் பிரிச்சு யாரு துவைக்கறாங்கன்னு நெனைச்சீங்க?" என்று சொல்லிவிட்டு, அவர் சட்டையைக் கழற்றும் வரைக்கும் கையை நீட்டியபடி நின்றார்.